பொருள்வயிற் பிரிவும் கைத்தொலைபேசியும்: காத்திருத்தலின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தொடர்புச் சாதனங்களின் வளர்ச்சி குறித்து இன்று நம்மிடையே இருவகைப் பேச்சுக்கள் வழங்கிவருகின்றன. தூரம் ஒழிந்துவிட்டது, உலகம் ஒரு வீட்டு முற்றமாகச் சுருங்கிவிட்டது என்பது அவற்றுள் ஒன்று. 1997 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பத்திரிகையாளர் பிரான்செஸ் கெயர்ன்குரொஸ் தமது நூலுக்குத் ‘தூரத்தின் மரணம்’ என்றே பெயரிட்டார். வர்த்தக உலகின் நம்பிக்கையை அப்பெயர் சுருங்கக் கூறிற்று எனலாம். மற்றது இரங்கற் பேச்சு. கடிதம் போயிற்று, தனிமை போயிற்று, திண்ணைப் பேச்சுப் போயிற்று, மனிதர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது கைக்குள் ஒளிரும் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்று அது புலம்பும். நமது அண்மைக்காலச் சிறுகதைகளிலும் கவிதைகளிலும் இவ்விரங்கற் குரல் அடிக்கடி கேட்பதை வாசகர் அறிவர்.

மேலெழுந்தவாரியாக நோக்கும்போது ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. இரண்டும் கருவியையே வரலாற்றின் கர்த்தாவாகக் கொள்கின்றன. கருவி எந்தச் சமூக உறவுகளுக்குள்ளே பிறந்தது, எவருடைய தேவையை நிறைவேற்றுகின்றது, எவருடைய பொழுதை எவர் கையில் ஒப்படைக்கின்றது என்ற வினாக்கள் இரண்டிலும் எழுவதில்லை. 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தொலைக்காட்சி: தொழில்நுட்பமும் பண்பாட்டு வடிவமும்’ என்ற நூலில் றேமண்ட் வில்லியம்ஸ் இக்குறைபாட்டைத் தெளிவாகச் சுட்டினார். பிழைப்பைத் தேடி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்தலும், பெயர்ந்த இடத்திலே சிறு குடும்பமாக ஒதுங்கி வாழ்தலும் ஒருசேர நிகழ்ந்த கைத்தொழிற் சமூகத்தின் தேவையிலிருந்தே ஒலிபரப்பும் ஒளிபரப்பும் தமது வடிவத்தைப் பெற்றன என்பது அவர் கூற்றின் சாரம். பிரிவு முந்தியது, சாதனம் பிந்தியது. இந்த ஒழுங்கை மனங்கொள்ளாது செய்யப்படும் எந்த விமரிசனமும் நிழலுடன் போரிடுவதாகவே முடியும்.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒரு குறிப்பிட்ட பிரிவாகும். பொருளீட்டுதற்காக வீட்டைப் பிரிதலைத் தமிழ் இலக்கண மரபு பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டழைத்தது. சங்க காலத்திலிருந்து இன்றுவரை அறுபடாது தொடர்ந்து வரும் இவ்வனுபவத்தில், பிரிந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையிலான தொடர்பு முறைகள் எவ்வாறு மாறின, அம்மாற்றத்தால் காத்திருத்தல் என்ற செயல் என்னவாயிற்று என்பதை நோக்குவோமாயின், இடையறாத் தொடர்பு என்று இன்று கொண்டாடப்படுவதன் உட்பொருள் ஓரளவு துலங்கும்.

2

சங்க அகப்பாடல்களைத் தூய காதலுணர்ச்சியின் வெளிப்பாடாக மாத்திரம் போற்றி வந்த மரபுக்கு மாறாக, திணைக் கோட்பாட்டின் பொருளியல் அடித்தளத்தையும் சமனற்ற வளர்ச்சியையும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970களில் தமது ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். அவ்வழி நின்று நோக்கும்போது ஒரு புள்ளிவிவரம் நம் கவனத்தை ஈர்க்கின்றது. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றையெண் பெற்ற 200 பாடல்கள் பாலைத்திணைக்கு உரியன. முல்லைத்திணைக்கு 40 பாடல்கள் உள்ளன. பாலையின் உரிப்பொருள் பிரிதல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தொகுப்பின் செம்பாதிக்கும் மேற்பட்ட பகுதி பிரிவையும் காத்திருத்தலையுமே பேசுகின்றது. கூடி மகிழ்தல் அல்ல, வறண்ட வழிகளைத் தாண்டிப் பொருளுக்காகப் போதலே அச்சமூகத்தின் மையமான துயரமாக இருந்தது என்று இதனால் ஊகிக்கலாம்.

பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியம் ஓதல், பகை, தூது, பொருள் என்பவற்றைக் கூறும். தூது என்பதும் இங்கே பிரிவுக் காரணங்களுள் ஒன்றாக இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. செய்தியைச் சுமந்து செல்பவனும் தன் வீட்டைப் பிரிந்தே செல்கின்றான். வேந்தனுடைய தொடர்பு நிலைபெறுவதற்கு வேறொருவருடைய தொடர்பு அறுபட வேண்டியிருந்தது. தொடர்பு என்பது எக்காலத்திலும் எவரோ ஒருவருடைய உழைப்பின்மேல் நிற்பது என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

முல்லையின் காத்திருத்தலுக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை வகுத்தது இயற்கை. பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. கார்காலம் தொடங்குமுன் மீள்வதாகத் தலைவன் சொல்லிச் செல்வான். மழை வந்தும் அவன் வராதபோது, இது கார் அன்று, காலம் தவறி வந்த வம்பமழை என்று தோழி தலைவியைத் தேற்றுவாள். மழையைப் பொய்யாக்கியேனும் ஒப்பந்தத்தை மெய்யாக்க முயலும் இத்தேற்றுரையில், காலவரையறை அச்சமூகத்திலே எத்துணை உறுதிப்பாடு உடையதாகக் கொள்ளப்பட்டது என்பது புலனாகின்றது.

பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளுக்குள், இருவேறு காலங்களை எதிரெதிர் நிறுத்துகின்றது. போருக்குச் சென்ற அரசனின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க்கருவி கொண்டு பொழுதை அளந்து அவனுக்கு அறிவிக்கின்றனர். வீட்டிலிருக்கும் அரசமாதேவிக்கோ மழையும் மாலையுமே காலக்கணக்கு. அளந்த காலம் படையோடும் ஆட்சியோடும் சேர்ந்தது. அளவாக் காலம் மனையோடு சேர்ந்தது. வேந்தன் வருவானா என்பதை அறியப் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொற் கேட்டு நிற்கின்றனர். அவர்கள் காதில் விழுவது, தாய்ப்பசுக்களைக் காணாது வருந்தும் கன்றுகளை நோக்கி, தாயர் இதோ வந்துவிடுவர் என்று ஓர் ஆயர்மகள் கூறும் ஆறுதல். செய்தி கிடைக்காத இடத்தில் விரிச்சி பிறக்கின்றது. விரிச்சியைப் பிற்போக்கு நம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. தொடர்புச் சாதனங்கள் அரசின் கையிலே குவிந்திருந்த சமூகத்தில், அவை இல்லாதார் தமக்கென ஆக்கிக்கொண்ட செய்திமுறை அது என்று காண்பதே பொருத்தமாகும்.

இன்னுமொரு விதி நமது பொருளுக்கு இன்றியமையாதது. கடல்கடந்து செல்லும் பிரிவில் பெண்ணையும் உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்கின்றது தொல்காப்பியம். போகின்றவன் ஆண், இருக்கின்றவள் பெண் என்ற பாகுபாட்டின் மீதே அகமரபின் பெருங்கட்டடம் எழுந்தது.

3

முதலாளித்துவம் இக்காலக் கணக்கை எவ்வாறு மாற்றிற்று என்பதை ஈ. பி. தொம்சன் 1967 ஆம் ஆண்டில் ‘காலம், வேலை ஒழுங்கு, கைத்தொழில் முதலாளித்துவம்’ பற்றி எழுதிய கட்டுரை விரிவாக ஆராய்ந்தது. செய்யவேண்டிய காரியத்தைக் கொண்டு பொழுதைக் கணித்த உழவரும் கைவினைஞரும், மணிக்கூட்டைக் கொண்டு உழைப்பைக் கணிக்கும் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டனர். முதலிற் கடிகாரத்தை எதிர்த்த தொழிலாளர் பின்னர் கடிகாரத்தைக் கையிலெடுத்தே போராடினர். பத்துமணி நேரச் சட்டம் 1847 இல் இங்கிலாந்திலே நிறைவேறியது அப்போராட்டத்தின் பயனே. உணவு வேளையிலிருந்து சில நிமிடங்களை அங்கும் இங்குமாகக் கொறித்தெடுத்த ஆலை முதலாளிகளின் களவைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்தே மார்க்ஸ் ‘மூலதன’த்திலே எடுத்துக்காட்டினார். வேலைநாள் எங்கே முடிகின்றது என்பது வர்க்கப் போராட்டத்தின் வினாவாயிற்று.

நமது நாட்டிலே இம்மாற்றம் பெருந்தோட்டத்தின் வழியாக வந்தது. விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கப்பட்ட தொழிலாளருக்குக் காலத்தின் ஓசை தப்பின் ஓசையாகவே இருந்தது. அதே காலப்பகுதியில் செய்தியும் பண்டமாயிற்று. 1850களில் கொழும்பிலே வெளிவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை, காலித் துறைமுகத்தில் வந்திறங்கும் கப்பற் செய்திகளைப் புறாக்களின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிற்று. 1858 ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இடப்பட்டதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. நாரையையும் கிளியையும் நெஞ்சையும் தூதுவிட்ட தமிழ்ப் புலவன் அறிந்திராத ஒரு பறவைத் தூது இது. வெளிநாட்டுச் செய்தி ஒருநாள் முந்திக் கிடைப்பது இலாபம் என்று கண்ட வர்க்கத்துக்காக அது பறந்தது. விரைவு முதலிலே வணிகத்துக்கு வந்தது. தோட்டத்துக் கூலிக்கும் தென்னிந்தியக் கிராமத்திலிருந்த அவன் தாய்க்கும் வரவில்லை. புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதி, தந்தி வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், ஊரின் பார்வைக்கும் செவிக்கும் எட்டாத ஒன்றாகவே இருக்கின்றது.

தொழிலாளருக்கும் கீழ்நடுத்தர வகுப்பாருக்கும் எட்டியது கடிதமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் சென்ற யாழ்ப்பாணத்தவரின் குடும்பங்கள் கடிதத்தையும் காசுக்கட்டளையையும் எதிர்பார்த்தே வாழ்ந்தன; மணியோடர் பொருளாதாரம் என்ற தொடர் அதனால் வழக்குக்கு வந்தது. எழுத்தறிவற்றோர் பிறரைக்கொண்டு எழுதுவித்தனர், பிறரைக்கொண்டு படிப்பித்தனர். ஆகவே கடிதத்தின் அந்தரங்கம் பற்றி இன்று கூறப்படும் புகழுரைகளிற் பெரும்பகுதி எழுத்தறிந்த வகுப்பின் அனுபவத்தை எல்லோர் அனுபவமாகவும் கொள்வதால் எழுந்தது. ஆயினும் கடிதத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அது வந்துசேரும்வரை எவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். எழுதுவோர் தம் வாழ்க்கையைத் தொகுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வாசிப்போர் அதனை மீள மீளப் பார்க்கக் கூடியதாயிருந்தது.

வளைகுடா நாடுகளுக்குச் சென்ற உழைப்பாளரின் முதற் பெரும் இலக்கிய வடிவம் கேரளத்து மாப்பிள்ளைப் பாட்டு மரபிலிருந்து எழுந்ததைத் தமிழ் ஆய்வாளர் போதிய அளவு கவனித்திலர். எஸ். ஏ. ஜமீல் 1970களின் பிற்பகுதியிலே இயற்றிப் பாடிய ‘துபாய்க் கத்து’ப் பாட்டு, வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்தது, கணவனின் மறுமொழியும் பாட்டாயிற்று. ஒலிநாடாக்களில் ஏறி அப்பாடல்கள் கடல்கடந்தன. மனைவியின் இளமை, அனுப்பப்படும் பணம், வீட்டின் தனிமை என்பவற்றை ஒளிவு மறைவின்றிப் பேசியமையே அவற்றின் வலிமை. முல்லைத்திணையின் இருத்தல் இங்கே நாணத்தைத் துறந்து கணக்குக் கேட்கின்றது. இருப்பவள் பெண், போனவன் ஆண் என்ற பழைய பாகுபாடு மாத்திரம் அவ்வாறே நின்றது.

4

இலங்கையில் அப்பாகுபாடு தலைகீழாயிற்று. 1977 ஆம் ஆண்டின் பின்னர் திறந்த பொருளாதாரம் நடைமுறைக்கு வந்ததும், எண்ணெய் வருவாயாற் செழித்த மேற்காசிய நாடுகள் வீட்டுப் பணியாளரை வேண்டி நின்றதும் ஒருங்கே நிகழ்ந்தன. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் தொழிலுக்காக நாட்டைவிட்டுச் சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பின்வந்த ஆண்டுகளில் இவ்விகிதம் வீழ்ந்தது எனினும், சிங்கள, தமிழ், முஸ்லிம் கிராமங்கள் யாவற்றிலும் அதன் தழும்பு உண்டு. கடலைக் கடக்கும் வழக்கம் பெண்ணுக்கு இல்லை என்ற மரபு, எந்தப் பெண்விடுதலைப் பிரசாரத்தினாலும் அன்றி, சந்தையின் தேவையினால் முறிந்தது. அது முறிந்த விதமே அதன் துயரம். பெண் வீட்டைவிட்டு வெளியேறினாள். வேறொரு வீட்டுக்குள் அடைபட்டாள்.

மிஷேல் கம்பேர்ட் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அகப்பைக் காம்பு’ பற்றிய நூலில், தென்மேற்குக் கரையோரக் கிராமமொன்றில் இவ்வாறு சென்ற பெண்களின் பிள்ளைகளைப் பாட்டிமாரும் சகோதரிமாரும் வளர்க்கும் நிலையை ஆராய்ந்தார். முல்லைப்பாட்டின் ஆயர்மகள் கன்றுகளுக்குச் சொன்ன அதே ஆறுதலைக் கிழப்பெண்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. அக்காலத்துத் தொடர்பு கடிதமும், பேச்சைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாவும், எப்போதாவது ஒரு தொலைபேசி அழைப்புமே. இலங்கையிலே கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தென்னாசியாவில் அதுவே முதலாவது. ஆயின் அது கிராமத்துக் கைகளுக்கு வருவதற்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டது. 2009 இல் தோன்றிய வட்ஸ்அப் போன்ற செயலிகள் பரவிய பின்னரே, நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுதல் உழைக்கும் மக்களுக்கு இயலுவதாயிற்று.

இதனைச் சிறிய விடயமாக எண்ணுதல் தவறு. தாயின் முகத்தை மறந்து வளர்ந்த பிள்ளைகள் முன்பு இருந்தனர். இன்று அத்துயரம் பெரிதும் குறைந்துள்ளது. இதனை மறுத்துக் கடிதத்தின் மாண்பைப் பாடுவோர் எவருடைய வலியின் மேல் நின்று அழகைக் காண்கின்றனர் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஆனால் இச்சாதனையின் உள்முரண்பாட்டையும் காணவேண்டும். குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் நமது நாட்டுக்கும் இடையே இரண்டரை மணிநேர வேறுபாடு உண்டு. காலை ஆறரை மணிக்குப் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் பேச வேண்டுமாயின், அங்கே தாய் நான்கு மணிக்கு விழிக்க வேண்டும். எசமானர் வீட்டார் உறங்கியபின் இரவு பதினொரு மணிக்கு அவளுக்கு ஓய்வு கிடைக்குமாயின், இங்கே நேரம் அதிகாலை ஒன்றரை, பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். மூலதனம் காலத்தைக் கொண்டு இடத்தை அழிக்க முயல்கின்றது என்று மார்க்ஸ் 1857, 1858 ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் எழுதினார். இங்கே இடம் அழிந்தது போலத் தோன்றுகின்றது. அழிவின் விலையைப் பணிப்பெண்ணின் உறக்கம் செலுத்துகின்றது. பகல் முழுவதும் அந்நியர் வீட்டிலே பிள்ளை வளர்த்தவள், இரவில் திரைவழியாகத் தன் பிள்ளையை வளர்க்கின்றாள். பாடம் கேட்டல், மருந்து நினைவூட்டல், கணவனின் செலவை விசாரித்தல், கடன்காரருக்குத் தவணை கூறல் யாவும் அவள்மேல் மீண்டும் வந்தமர்ந்தன. முன்பு கடலைக் கடந்தவள் வீட்டு வேலையின் ஒரு பகுதியையேனும் பின்னால் விட்டுச் சென்றாள். இன்று அதனையும் கையில் எடுத்துச் செல்கின்றாள். ஒரு பெண்ணின் நாளில் இரண்டு வேலைநாட்கள் அடங்கிவிட்டன. ஒன்றுக்கே கூலி உண்டு.

பிரித்தானியாவிற் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் தாய்மாரையும் ஊரிலுள்ள அவர்தம் பிள்ளைகளையும் ஆராய்ந்து மிர்க்கா மதியானு, டானியல் மில்லர் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட நூல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தாம் மீண்டும் தாயாக முடிந்தது என்று தாய்மார் பெரிதும் மகிழ்ந்தனர். பிள்ளைகளின் அனுபவமோ அத்துணை ஒருமுகமானதாக இருக்கவில்லை. தொடர்பு எளிதானமை பிரிவை நீடிப்பதற்கு ஒரு நியாயமாகவும் அமையக்கூடும் என்பதை அவ்வாய்வு உணர்த்துகின்றது. நமது வாதத்தின் நடுப்புள்ளி இதுவே. தொடர்புச் சாதனம் பிரிவை ஒழிக்கவில்லை, பிரிவைத் தாங்கக்கூடியதாக்கியது. தாங்கக்கூடியதானமையால் பிரிவுக்குக் கார்காலம் என்ற எல்லை இல்லாமற் போயிற்று. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் நான்காகின்றது, நான்கு எட்டாகின்றது. ‘எப்போது வருவாய்?’ என்று கேட்ட இடத்தில் ‘எப்போது எடுப்பாய்?’ என்ற கேள்வி வந்து நிற்கின்றது.

5

இனித் தொடர்பின் மறுமுனைகளை நோக்குவோம். கபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையின் கீழ் பணிப்பெண்ணின் வதிவிட அனுமதி எசமானருடன் பிணைக்கப்பட்டிருந்தமையால், கடவுச்சீட்டைப் போலவே தொலைபேசியையும் எசமானர் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாயிற்று. வீடே வேலைத்தலமாக உள்ள ஒருத்திக்குத் தொழிற்சங்கமும் அயலவரும் சாட்சியும் அந்தக் கருவியே. அடிபட்ட காயத்தைப் படம்பிடித்து ஊருக்கு அனுப்பிய பெண்கள் உளர். எசமானர் அஞ்சுவது இதனையே. இணையவழிப் பேச்சின் மீது அரசுகளும் கைவைத்தன. சவூதி அரேபியா அத்தடையை 2017 செப்டெம்பரில் நீக்கிற்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்புகள் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. ஒழுங்குவிதி என்று கூறப்பட்டபோதும், கட்டண அழைப்பினால் வருவாய் பெறும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் நலன் அங்கே மறைந்திருக்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் பி.பி.சி. அரபுச் சேவை நடத்திய புலனாய்வு, குவைத்திலே பணிப்பெண்கள் கைத்தொலைபேசிச் செயலிகள் வழியாகவும் இன்ஸ்டகிராம் வழியாகவும் விலை பேசப்பட்டதை வெளிப்படுத்திற்று. எந்தத் திரையிலே ஒரு தாய் தன் பிள்ளையைக் காண்கின்றாளோ அதே திரையில் அவள் விற்பனைப் பண்டமாகவும் காணப்படுகின்றாள்.

நமது அரசின் நிலை யாது? வெளிநாட்டு உழைப்பாளர் 2024 இல் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் மேற்பட்டது. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திய நாட்டுக்கு இது உயிர்மூச்சாகும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் செல்லுதலை 2013 ஆம் ஆண்டிலே குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் தடுத்த அரசு, 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் அவ்வரம்பைத் தளர்த்தியது. தாய்மையின் புனிதம் டொலரின் தட்டுப்பாட்டுக்கேற்ப நெகிழ்ந்தமை ஆளும் வர்க்கக் கருத்தியலின் இயல்பை உணர்த்தும். பேச்சைக் கொண்டுசெல்லும் நிறுவனத்தின் கணக்கு வேறு. 2014 இல் முகநூல் நிறுவனம் வட்ஸ்அப்பை ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இலவசமாகப் பேசுகின்றோம் என்று நினைக்கும் கோடிக்கணக்கான மனிதரின் உறவுகளும் பழக்கமுமே அந்த விலைக்கு அடிப்படை. ஓய்வுநேரம் முன்பு மூலதனத்துக்கு வெளியே நின்றது. இன்று அதுவும் மூலப்பொருளாகின்றது.

இப்பின்னணியில் இரு உரிமைக் கோரிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தல் பயனுடையது. பிரான்சிலே 2017 ஜனவரி முதலும் அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பின் அலுவலகத்தின் அழைப்புக்குப் பதிலளியாதிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இது தொடர்பை அறுக்கும் உரிமை. வீட்டுப் பணிப்பெண்ணின் கோரிக்கையோ தொலைபேசியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் ஊருடன் பேசவும் உள்ள உரிமை. இது தொடர்புகொள்ளும் உரிமை. ஒன்றை ஒன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே கோரிக்கையின் இரு முகங்களாகும். தன் பொழுதின் மேல் தனக்கே ஆணை வேண்டும் என்பதே அக்கோரிக்கை. சர்வதேச தொழில் தாபனம் 2011 இல் நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் பற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம் இதனைத் தெளிவாக உணர்ந்துள்ளது. வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வை வலியுறுத்தும் அச்சமவாயம், வீட்டாரின் அழைப்பை எதிர்பார்த்துத் தன் விருப்பப்படி நேரத்தைக் கழிக்க இயலாது இருக்கும் பொழுதையும் வேலைநேரமாகக் கொள்ளவேண்டும் என்று கூறுகின்றது. காத்திருத்தலும் உழைப்பே என்பதைச் சட்டமொழி ஏற்றுக்கொண்ட இடம் இது. முல்லைத் தலைவியின் இருத்தலை உரிப்பொருளாகக் கொண்டாடிய இலக்கிய மரபுக்கு இதிற் கற்கவேண்டியது உண்டு.

6

இவ்வுண்மைகள் நமது இலக்கியத்தை எவ்வாறு பாதிக்க வேண்டும்? கைத்தொலைபேசி பற்றி எழுதப்படும் படைப்புக்களிற் பெரும்பாலானவை அதனை ஓர் ஒழுக்கக் கேடாகவே காண்கின்றன. உணவு மேசையிலே பேசாதிருக்கும் குடும்பம், பாட்டியைக் கவனியாத பேரன், திரையில் மயங்கிய மாணவி என்பன வாய்பாடுகளாகிவிட்டன. நகர்ப்புற நடுத்தர வகுப்பின் சோர்வை மானிடத்தின் வீழ்ச்சியாகப் பொதுமைப்படுத்துவது இவற்றின் அடிப்படைக் குறை. அழைப்பு வராத இரவில் கடன்காரன் வாசலில் நிற்கும் வீடு இவற்றில் இடம்பெறுவதில்லை. நள்ளிரவில் போர்வைக்குள் ஒலியைக் குறைத்துத் தாயோடு பேசும் சிறுமியும் இடம்பெறுவதில்லை.

வடிவம் பற்றிய பிரச்சினையும் உண்டு. செய்தி தாமதித்தலையே கதைப் பின்னலின் ஆதாரமாகக் கொண்டு நமது கதைகள் வளர்ந்தன. கடிதம் தவறுதல், தந்தி பிந்துதல், எதிர்பாராத மீட்சி என்பன அவற்றின் திருப்பங்கள். செய்தி உடனுக்குடன் கிடைக்கும்போது இத்திருப்பங்கள் உயிரிழக்கின்றன. இதனை இலக்கியத்தின் அழிவு என்று கருத வேண்டியதில்லை. இன்றைய பிரிவில் மறைந்திருப்பது செய்தி அன்று. செய்திக்குள்ளே மறைக்கப்படும் உண்மையே. திரையில் முகம் தெரிகின்றது. திரையின் விளிம்புக்கு வெளியே உள்ள அறை தெரிவதில்லை. காயப்பட்ட கையைச் சட்டகத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு சிரிக்கும் தாய்க்கும், பரீட்சையில் தவறியதைச் சொல்லாது சிரிக்கும் மகனுக்கும் இடையிலான உரையாடலில், பழைய பாலைப் பாடல்கள் அறிந்திராத ஒரு பிரிவு இருக்கின்றது. ஒருவரையொருவர் காணும்போதே நிகழும் பிரிவு அது. இதனை எழுதுவதற்குப் பழைய இரங்கலும் உதவாது, புதிய வியப்பும் உதவாது. உழைப்பின் நேரக்கணக்கை அறிந்த எழுத்தாளனுக்கே அது வசப்படும்.

திறனாய்வாளருக்கும் இங்கே பணியுண்டு. திணை மரபை இறந்தகாலத்தின் பெருமையாகப் பாதுகாத்தல் ஒரு வழி. அம்மரபு தன் காலத்தின் பொருளியல் உண்மையைப் பெயரிட்டு வகைப்படுத்த எடுத்துக்கொண்ட துணிவை நமது காலத்துக்குப் பயன்படுத்தல் மற்றொரு வழி. பொருளுக்காகப் பிரிதலை அது மறைக்கவில்லை. இலக்கணத்திலே எழுதி வைத்தது. கடல்கடந்தவள் பெண்ணாகவும், காத்திருப்போர் குழந்தைகளாகவும், மீளும் பருவம் ஒப்பந்தத் தாளாகவும் மாறிய காலத்துக்கு உரிய பொருளிலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுத முற்படுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா, கருவி நல்லதா தீயதா என்பதன்று. நான்கு மணிக்கு விழித்துப் பிள்ளையை எழுப்பும் தாயின் அந்தப் பொழுது எவருக்குச் சொந்தம் என்பதே அவ்வினா. அது அவளுக்குச் சொந்தமாகும்வரை தூரம் மரணித்துவிட்டது என்று கூற எவருக்கும் உரிமை இல்லை.